லோடரில் ஃபோர்க் மாட்டுமுன்: வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரைச் சுற்றி நர்சரி, பால் பண்ணை, கிட்டங்கி நடத்தும் வாசகர்களிடமிருந்து சிறிய டிராக்டரின் முன்னால் தூக்கும் கையில், அதாவது லோடரில், பேலட் ஃபோர்க் (பேலட் என்னும் சரக்குப் பலகையின் அடியில் நுழைத்துத் தூக்கும் எல் வடிவ இரும்புக் கைகள்) பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சர்ஜாபூருக்கு அப்பால் இரண்டு ஏக்கரில் நர்சரி. 27 எச்.பி. ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர், முன்னால் லோடர். லோடரின் விவரத்தாளில் தூக்கும் திறன் 500 கிலோ என்று இருக்கிறது. செம்மண் கலவை நிரப்பிய பைகளைப் பேலட்டோடு எடுத்துவைக்க ஃபோர்க் வாங்கலாம் என்று விசாரித்தேன். ஒரு கடையில் பக்கெட் உதட்டில் திருகிக் கவ்வவைக்கும் வகையைக் காட்டினார்கள். இன்னொரு கடையில், பக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் சட்டமும் ஃபோர்க்கும். இரண்டாவது 1,500 கிலோ தாங்குமாம். எதை வாங்குவது?
– நர்சரி உரிமையாளர், சர்ஜாபூர்

பதில்: இரண்டாவது வகைதான் சரி. ஆனால் அந்த 1,500 கிலோவைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஃபோர்க் வளையாமல், உடையாமல் தாங்கும் எடை அது. உங்கள் லோடர் தூக்கப்போவது அதில் ஆறில் ஒரு பங்குதான். எப்படி என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எதை வாங்குவது என்ற முடிவு முழுக்க இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

விவரத்தாளில் இருக்கும் 500 கிலோ பெரும்பாலும் பக்கெட் கோத்திருக்கும் கீலில் அளந்தது. அதாவது பக்கெட்டே இல்லாமல், லோடர் கையின் நுனியில் சங்கிலி கட்டித் தூக்கினால் வரும் எடை. பேலட் அந்த இடத்தில் இருப்பதில்லை. ஃபோர்க் சட்டத்தின் தடிமன் போக, பேலட்டின் நடுப்புள்ளி இன்னும் அரை மீட்டருக்கு மேல் முன்னால் தள்ளி இருக்கிறது. ஏற்றம் இறைத்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை: எடை எவ்வளவு என்பதோடு, எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதும் சேர்ந்துதான் பாரம்.

லோடர் தூணில் கை கோத்திருக்கும் மேல் கீலிலிருந்து பக்கெட் கீல் வரை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லோடரில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 500 கிலோவை 1.8 மீட்டரால் பெருக்கினால் 900. தூக்கும் சிலிண்டர்களின் சக்தி இந்த 900-க்குள்தான். இதற்குள் ஃபோர்க் சட்டத்தின் எடை, பேலட், சரக்கு எல்லாம் அடங்க வேண்டும்.

சட்டமும் இரண்டு ஃபோர்க்கும் சேர்ந்து 120 கிலோ, அவற்றின் எடை மையம் பக்கெட் கீலுக்கு 25 செ.மீ. முன்னால் என்றால், 120 × 2.05 = 246. மிச்சம் 654. பேலட்டின் நடுப்புள்ளி பக்கெட் கீலிலிருந்து 70 செ.மீ. முன்னால் இருந்தால் மேல் கீலிலிருந்து 2.5 மீட்டர். 654-ஐ 2.5-ஆல் வகுத்தால் 262 கிலோ. விவரத்தாளின் 500 கிலோ களத்தில் இவ்வளவாகத்தான் வந்து நிற்கிறது.

கவ்வும் வகைக்கு இதே கணக்கைப் போடுங்கள். பக்கெட் கழலாமல் அங்கேயே இருக்கும். அது 110 கிலோ, அதன் எடை மையம் கீலுக்கு 30 செ.மீ. முன்னால் என்றால் 231. கவ்வும் ஃபோர்க் இரண்டும் 50 கிலோ, அவை பக்கெட் உதட்டில் தொடங்குவதால் எடை மையம் 1 மீட்டர் முன்னால்: 140. மிச்சம் 529. பேலட்டின் நடுப்புள்ளி கீலிலிருந்து 1.1 மீட்டருக்குப் போய்விடும். 529-ஐ 2.9-ஆல் வகுத்தால் 182 கிலோ. விலை குறைவு என்று வாங்கியதற்கு ஒவ்வொரு நடையிலும் 80 கிலோ விட்டுக்கொடுக்கிறீர்கள். பாதிப்பு இதோடு நிற்பதில்லை. பக்கெட் உதடு மண்ணை வாரச் செய்தது, இரண்டு புள்ளியில் மட்டும் பாரம் விழுந்தால் உதட்டுத் தகடு அலைபோல வளையும். திருகு தளர்ந்து ஒரு ஃபோர்க் பக்கவாட்டில் திரும்பினால் பேலட் ஒருபக்கமாகச் சரியும். வெட்டிய கிளை, தென்னை மட்டை, காலிப் பெட்டி அள்ள மட்டும் போதும் என்றால் அதை வாங்கலாம். செம்மண்ணுக்கு வேண்டாம்.

சட்ட வகையிலும் கனமானதைத் தேடிப் போகாதீர்கள். கட்டுமான இயந்திரங்களுக்கான சட்டமும் 100 × 40 மி.மீ. ஃபோர்க்கும் சேர்ந்து 195 கிலோ வந்துவிட்டால், மேலே போட்ட கணக்கில் சரக்குக்கு மிஞ்சுவது 200 கிலோதான். 262 கிலோ தூக்கும் லோடருக்கு 80 × 30 மி.மீ. குறுக்களவுள்ள, முறையாக வெப்பப் பதம் செய்த எஃகு ஃபோர்க் தாராளம். ஃபோர்க் ஒன்றுக்கு 200 கிலோ அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் வளைவில் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 82 நியூட்டன். வழக்கமாக வைக்கும் மூன்று மடங்கு பாதுகாப்பைப் பதம் செய்த எஃகு எளிதாகத் தாண்டிவிடும். பட்டறையில் சாதா இரும்புப் பட்டையை வளைத்துச் செய்தால் அந்த மூன்று மடங்கு விளிம்பில்தான் நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஒரு குலுக்கல் வந்தால் போதும், ஃபோர்க் தலைகுனிந்துவிடும்.

உங்கள் பைகளுக்கு வருவோம். 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள பை 22 லிட்டர். நீர் விட்ட செம்மண்–எருக் கலவை லிட்டருக்கு 1.4 கிலோ என்றால் பை ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. 1200 × 1000 மி.மீ. பேலட்டில் நான்குக்கு மூன்றாகப் 12 பை நிற்கும்: 360 கிலோ, பேலட் 20 கிலோ, ஆக 380. இது உங்கள் லோடருக்கு ஆகாது. எட்டுப் பை வைத்தால் பேலட்டோடு 260. அதையும் சட்டத்தை ஒட்டிய பக்கம் நான்கு, அதற்கு அடுத்து நான்கு என்று வைத்து, நுனிப் பக்கத்து வரிசையைக் காலியாக விடுங்கள். நடுப்புள்ளி உள்ளே வரும், லோடருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். தண்ணீர் விடுமுன் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

கடையில் பணம் கொடுக்குமுன் கேட்டு எழுதி வாங்கவேண்டியவை: தூக்கும் திறன் எந்தப் புள்ளியில் அளந்தது, கீலிலா அல்லது 500 மி.மீ. முன்னாலா, அது தரையிலிருந்து கிளப்பும்போதா, முழு உயரத்திலா, சட்டமும் ஃபோர்க்கும் சேர்ந்து உண்மையில் எத்தனை கிலோ. கை மேலே போகப்போகச் சிலிண்டர் இழுக்கும் கோணம் மாறுவதால் பல லோடர்களில் மேலே திறன் குறையும். தரையில் கிளம்பிய பேலட் குட்டி யானையின் தட்டு உயரத்தில் நின்றுவிடுவது இதனால்தான். எடையைச் சொல்லத் தயங்கினால் பக்கத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: லோடர் பேலட்டைத் தூக்கும்போது 'கீச்' என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் ரிலீஃப் வால்வை ஒரு சுற்று இறுக்கினால் சரியாகும் என்கிறார். செய்யலாமா?
– ஹோசக்கோட்டை

பதில்: கூடாது. எண்ணெய் அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது திறந்துவிடுவதற்காகவே அந்த வால்வு இருக்கிறது. அந்தச் சத்தம், பாரம் அதிகம் என்று லோடர் உங்களிடம் சொல்வது. வால்வை இறுக்கினால் தூக்கத்தான் செய்யும். ஆனால் பம்பு, ஹோஸ், சிலிண்டர் சீல், கையின் வெல்டிங், முன் அச்சு எதுவும் அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குச் செய்ததில்லை. ஹோஸ் வெடித்தால் பேலட் ஒரே கணத்தில் கீழே வரும். கீழே கால் வைத்திருப்பவர் நகர நேரம் இருக்காது.

அந்தச் சத்தத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துங்கள். பின்னால் எதிர்ப்பாரம் மாட்டி, சமதளத்தில், யாரையும் பக்கத்தில் விடாமல், பேலட்டில் 50 கிலோ சிமென்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, வேண்டிய உயரம் வரை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். எத்தனையாவது மூட்டையில் நிற்கிறதோ அதற்கு முந்தைய எண்ணிக்கையிலிருந்தும் ஒரு மூட்டையைக் கழித்துவிட்டால் உங்கள் அன்றாட வரம்பு கிடைக்கும். அதைப் பெயின்டால் லோடர் கையிலேயே எழுதிவையுங்கள். வால்வு கத்துமுன் பின்சக்கரம் லேசாகிறது என்றால் உங்கள் பிரச்சினை ஹைட்ராலிக்கில் இல்லை, அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: முன்னால் பாரம் ஏற்றினால் பின்சக்கரம் கிளம்புகிறது. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பிவிட்டேன். அதற்கு மேலும் வெயிட் கட்ட வேண்டுமா? எவ்வளவு?
– பால் பண்ணை, தேவனஹள்ளி

பதில்: கட்ட வேண்டும். டயரில் தண்ணீர் நிரப்பியது நல்லதுதான், ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 100 கிலோ தண்ணீர் பின் அச்சுக்கு 100 கிலோவே தரும். முன் அச்சின் சுமையில் ஒரு கிலோ கூடக் குறையாது. பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடைதான் இரண்டு வேலையும் செய்யும்.

முன் அச்சிலிருந்து பின் அச்சு 1.5 மீட்டர் உள்ள டிராக்டர் என்று கொள்வோம். சரக்கு 250, ஃபோர்க் சட்டம் 120, ஆக 370 கிலோ. இவற்றின் பொது மையம் முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால். சீசா பலகைபோல முன் அச்சு நடுவில் நிற்க, பின் அச்சிலிருந்து சரியாக 370 கிலோ உருவப்படும். முன் அச்சில் 740 கிலோ ஏறும். 370 ஏற்றினால் 740 ஏறுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. முன் அச்சின் சீலும் பல்சக்கரமும் வருடத்துக்கு ஒருமுறை போகிறது என்று புலம்புவார்கள்.

இப்போது பின்னால் 250 கிலோவை, பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால் தொங்கவிடுங்கள். பின் அச்சுக்கு 400 கிலோ கிடைக்கும். முன் அச்சிலிருந்து 150 கிலோ இறங்கும். இழந்த 370 திரும்பிவிட்டது, முன் அச்சிலும் 740 என்பது 590 ஆகிவிட்டது. உங்கள் டிராக்டர் கையேட்டில் முன் அச்சின் உச்சச் சுமை போட்டிருக்கும். லோடர் மாட்டிய, பாரமில்லாத டிராக்டரின் முன் அச்சு எடையோடு இந்த 590-ஐக் கூட்டி, அந்த வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். முன் டயர் காற்றையும் லோடர் வேலைக்குக் கையேடு சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள்.

250 கிலோ செய்வது எளிது. பழைய 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று எடுங்கள். ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம். பாதி வரை கான்கிரீட் போட்டால் 100 லிட்டர், லிட்டருக்கு 2.4 கிலோ வீதம் 240 கிலோ. டிரம்மின் எடையோடு 255 பக்கம் வரும். கான்கிரீட் போடுமுன் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் டிரம்மைக் குறுக்கே துளைத்து ஒரு திடமான இரும்புத் தண்டைச் செருகுங்கள். அதன் இரு முனையும் டிராக்டரின் கீழ் லிங்க் பந்துகளில் நுழைய வேண்டும். கேட்டகரி 1 (சிறிய டிராக்டர்களின் பின் லிங்க் அளவு) என்றால் கீழ் முனை 22 மி.மீ., டாப் லிங்க் ஊசி 19 மி.மீ., கீழ்த் தண்டுக்கும் டாப் லிங்க் துளைக்கும் இடையே உயரம் 460 மி.மீ. மிகச் சிறிய டிராக்டர்களில் லிங்க்குகளின் இடைவெளி குறுகலாக இருக்கும், ஆகவே உங்கள் வண்டியில் அளந்தே தண்டை வெட்டுங்கள். டாப் லிங்குக்காக ஒரு சேனலை நிமிர்த்தி நிறுத்தி, தண்டோடு வெல்டு செய்து, கான்கிரீட்டுக்குள் அதற்குக் குறுக்குக் கம்பிகள் கட்டுங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் சேனல் தனியாக ஆடத் தொடங்கும். 1:2:4 கலவை போதும். ஏழு நாள் நனைத்துவிட்டு மாட்டுங்கள். டிரம்மின் மேல் பாதி சும்மா இருக்கிறதே என்று கவலை வேண்டாம், சங்கிலியும் பட்டையும் போட்டுவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மழைநீர் வடிய ஒரு துளை மட்டும் கான்கிரீட் மட்டத்தை ஒட்டி மேலே போட்டுவிடுங்கள்.

ரோட்டவேட்டர் பின்னால் இருந்தால் அதுவே எதிர்ப்பாரம் ஆகாதா என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். ஆகும். ஆனால் கிட்டங்கிக்குள் திரும்பும்போது அகலமும் நீளமும் இடிக்கும். கச்சிதமான டிரம் வசதி.

கேள்வி: ஃபோர்க் எவ்வளவு நீளம் வேண்டும்? நீளமாக இருந்தால் பேலட் விழாது என்கிறார்கள்.
– கிட்டங்கி மேற்பார்வையாளர், ஆனேக்கல்

பதில்: பேலட்டின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போக வேண்டும், முக்கால் பங்கு போனால் நல்லது. பெங்களூர் கிட்டங்கிகளில் அதிகம் புழங்குவது 1200 × 1000 மி.மீ. பேலட்; 1100 × 1100-ம் உண்டு. 1200 பக்கமாக நுழைந்தால் 900 மி.மீ. போதும். பலரும் விற்பது 1070. சிறிய லோடரில் 1000 பக்கமாக நுழைந்து எடுப்பதையே பழக்கமாக்குங்கள், ஏனென்றால் நடுப்புள்ளி 10 செ.மீ. உள்ளே வருகிறது. அப்போது 1070 ஃபோர்க் 70 மி.மீ. வெளியே நீட்டும். பின்னால் ஒட்டி இருக்கும் அடுத்த பேலட்டின் பைகளைக் கிழிப்பதும், அதன் அடியில் புகுந்து அதையும் சேர்த்துக் கிளப்புவதும் அந்த 70 மி.மீ. தான். ஆக உங்களுக்கு 900 முதல் 950. நீளம் கூடினால் எடையும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஃபோர்க்கையும் பேலட்டின் துளை அனுமதிக்கும் அளவுக்கு அகலமாக வையுங்கள். நகராமல் பூட்டும் ஊசி உண்மையில் பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று தினமும் காலையில் கையால் ஆட்டிப் பாருங்கள். சட்டத்தின் இரு முனையிலும் தடுப்புக் கட்டை வெல்டு செய்திருக்க வேண்டும். அது இல்லாத சட்டத்தில் ஃபோர்க் ஓரமாக நழுவிக் கழன்றே விழும்.

பழைய மரப் பேலட் வாங்கினால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. காய்கறி, தீவனம், நாற்று வைக்க எம்.பி. வேண்டாம்.

கேள்வி: பீன்யாவில் பழைய ஃபோர்க்லிஃப்டின் ஃபோர்க் ஜோடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஊரில் பட்டறையில் சட்டம் செய்து மாட்டிக்கொள்ளலாமா? வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
– வெல்டிங் பட்டறை நடத்துபவர், மாலூர்

பதில்: நல்ல யோசனை, ஃபோர்க் நன்றாக இருந்தால். ஃபோர்க் தேய்வது எல் போல மடங்கும் வளைவின் அடியில், தரையில் உரசி உரசி. நிமிர்ந்து நிற்கும் பகுதி தேய்வதில்லை. காலிப்பரால் முதலில் நிமிர்ந்த பகுதியின் தடிமனை அளந்து, பிறகு வளைவை ஒட்டிய தட்டையின் தடிமனை அளங்கள். 40 மி.மீ. ஃபோர்க் 36-க்கு வந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். வளையாமல் நிற்கும் பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. பத்து சதவீதம் தேய்ந்தால் பலத்தில் ஏறக்குறைய இருபது சதவீதம் போய்விடுகிறது.

அடுத்து மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வளைவு 93 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் தள்ளுங்கள். நிமிர்ந்த பகுதியில் மட்டத்தைச் சேர்த்துப் பிடித்தால் அரை மீட்டர் தூரத்தில் 26 மி.மீ. இடைவெளி தெரிந்தாலே அந்த மூன்று பாகை வந்துவிட்டது. இரண்டு ஃபோர்க்கையும் ஒரே கம்பியில் மாட்டி நுனிகளை ஒப்பிடுங்கள். நீளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் உயர வித்தியாசம் கூடாது, 1070-க்கு 32 மி.மீ. பிறகு வளைவின் உட்பக்கத்தையும் மேல் கொக்கியின் வேரையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் அடித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு ஒன்று எழுந்தாலும் வேண்டாம். வளைவில் எங்கேயாவது வெல்டிங் மணி தெரிந்தால், அல்லது புதிதாகப் பெயின்ட் மட்டும் தடிமனாக இருந்தால், திரும்பி வந்துவிடுங்கள்.

நீங்கள் வெல்டர் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்: ஃபோர்க்கின் மேல் எதையும் வெல்டு செய்யக் கூடாது. கொக்கி போடவும் வேண்டாம், நுனி தேய்ந்ததற்கு ஒட்டவும் வேண்டாம். வளைந்ததைச் சூடேற்றி நிமிர்த்தவும் கூடாது. பதம் செய்த எஃகில் வெல்டிங் சூடு பட்ட இடம் ஒருபக்கம் மொறுமொறுப்பாகவும் இன்னொரு பக்கம் மெத்தென்றும் ஆகிவிடும். விரிசல் அங்கேதான் பிறக்கும். வெல்டிங் எல்லாம் சட்டத்தோடு நிற்கட்டும்.

சட்டம் செய்ய, ஃபோர்க்கோடு அது மாட்டியிருந்த மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் சேர்த்தே கேளுங்கள். கிடைக்காவிட்டால் முதலில் எந்த வகுப்பு என்று அளங்கள். மேல் கம்பியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்க் கம்பியின் கீழ் விளிம்பு வரை 407 மி.மீ. என்றால் இரண்டாம் வகுப்பு, ஒன்று முதல் இரண்டரை டன் வரையான ஃபோர்க்லிஃப்டினுடையது. 508 மி.மீ. என்றால் மூன்றாம் வகுப்பு. அந்த ஃபோர்க் உங்கள் டிராக்டருக்கு வெறும் சுமை. ஃபோர்க்கின் பக்கவாட்டில் 1250 × 500 என்பதுபோலக் குத்தியிருந்தால், அந்த ஒரு ஃபோர்க் 500 மி.மீ. தூரத்தில் 1250 கிலோ தாங்கும் என்று பொருள். சட்டம் மட்டும் 70 கிலோவுக்கு மேல் போகாமல் பாருங்கள்.

சட்டத்துக்கு மேலே கிராதி போல ஒரு முதுகு வையுங்கள், ஃபோர்க் மட்டத்திலிருந்து 90 செ.மீ. உயரத்துக்கு. சிறிய லோடர்கள் பலவற்றில் தானாக மட்டம் பிடிக்கும் இணைகம்பி அமைப்பு இருக்காது. கை மேலே போகப்போக ஃபோர்க் ஓட்டுநர் பக்கம் சாயும். அதைக் கவனித்து லீவரால் நுனியைத் தணித்துக்கொண்டே தூக்க வேண்டும். ஒருமுறை மறந்தால், மேல் அடுக்குப் பெட்டி லோடர் கை வழியாக உருண்டு பானெட்டைத் தாண்டி மடியில் வந்து விழும். முதுகுக் கிராதி அதைத் தடுக்கும். ஃபோர்க் மட்டமாக இருக்கிறதா என்று இருக்கையிலிருந்தே தெரிய, சட்டத்தின் ஓரத்தில் ஃபோர்க்குக்கு இணையாக ஒரு கம்பியை மேலே நீட்டி வெல்டு செய்துவிடுங்கள். ஃபோர்க் நுனிகளுக்கு மஞ்சள் பெயின்ட்.

கேள்வி: எங்களிடம் டூ வீல் டிரைவ் டிராக்டர். நிலம் சரிவு. ஃபோர்க் வேலை செய்யலாமா?
– கனகபுரா சாலை

பதில்: சரிவில் வேண்டாம். டூ வீல் டிரைவில் ஓட்டமும் பிரேக்கும் இரண்டுமே பின்சக்கரத்தில்தான். முன்னால் பாரம் ஏறிப் பின்சக்கரம் லேசானால் இறக்கத்தில் பிரேக் மிதித்தும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தால் முன்சக்கரமும் பின்னோடு கோத்திருப்பதால் அந்தப் பிடிப்பு கிடைக்கிறது.

சமதளத்தில் மட்டும் வேலை என்றால் வேறொரு வழி இருக்கிறது. பின்னால் த்ரீ பாயின்ட் லிங்கில் மாட்டும் ஃபோர்க். லோடரே வேண்டியதில்லை, விலையும் குறைவு, அதே டிராக்டர் பின்னால் தூக்கும் எடை முன்னால் தூக்குவதைவிட அதிகம். உயரம் மட்டும் முழங்கால், தொடை அளவுக்குத்தான் வரும். தோட்டத்துக்குள் இடம் மாற்ற அது போதும், வண்டியில் ஏற்றப் போதாது. இங்கே கணக்கு தலைகீழ்: முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காமல் போகும். ஆகவே எடைத் தகடுகள் முன்னால்.

ஃபோர் வீல் வைத்திருப்பவர்களும் சரிவில் பாரத்தோடு ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில் வாருங்கள். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம். குறுக்கே போகவே கூடாது. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் தொங்கி ஆடுவதால், நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது மூன்று புள்ளியில்: முன்னால் அந்த ஊசி, பின்னால் இரண்டு சக்கரம். முக்காலிபோல. பாரத்தை மேலே தூக்கிக்கொண்டு திரும்பினால் எடை அந்த முக்கோணத்தைத் தாண்டிவிடும், அதன்பிறகு ஓட்டுபவர் செய்ய எதுவும் இல்லை. தரையிலிருந்து ஒரு சாண், அதிகம் போனால் ஒரு அடி உயரத்தில் வைத்து நகருங்கள். உயர்த்துவது வைக்கும் இடத்துக்கு வந்து நின்ற பிறகு. உருளல் தடுப்புச் சட்டம் இருக்கும் வண்டியில் பெல்ட் போடுங்கள்.

கேள்வி: சைலேஜ் (பதப்படுத்திய பசுந்தீவனம்) உருளைகளை எடுக்க ஈட்டி போன்ற கருவி நல்லதா, ஃபோர்க் நல்லதா?
– பால் பண்ணை, தொட்டபள்ளாப்பூர்

பதில்: பிளாஸ்டிக் சுற்றிய உருளை என்றால் ஃபோர்க். ஈட்டி குத்தினால் துளை வழியே காற்று போய் உள்ளே பூஞ்சை பிடிக்கும், மாடு தின்னாது. இரண்டு ஃபோர்க்கின் மேலும் வழுவழுப்பான குழாயைச் செருகி, உருளையின் விட்டத்தைவிடக் குறைந்த இடைவெளியில் வைத்து அடியில் நுழையுங்கள். தொட்டில்போல உட்காரும். குழாயின் ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். எடுக்கும் முன் உருளை ஒன்றின் எடையை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெரிய உருளைகள் சிறிய லோடரின் வரம்பைத் தாண்டிவிடும்.

கேள்வி: ஜிகணியிலிருந்து கிரானைட் பலகைகள் வருகின்றன. 9 அடிக்கு 5 அடி, 20 மி.மீ. கனம். ஃபோர்க்கில் படுக்கவைத்து இறக்கலாமா?
– வீடு கட்டும் வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: கூடாது. பலகை ஒன்று 225 கிலோ வரும், எடை ஒருவேளை அடங்கலாம். ஆனால் படுத்த கல் இரண்டு ஃபோர்க்குக்கு வெளியே நீட்டும் பக்கத்தில், சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கும் அந்தக் குலுக்கலில் உடையும். நிமிர்த்தி வைக்க ஏ வடிவச் சட்டம் வேண்டும். அதன் எடையும் சேர்ந்தால் சிறிய லோடரின் வரம்பு தாண்டிவிடும். பலகை கவ்வும் கிளாம்போடு சிறிய கிரேன் வைத்திருப்பவர்களை அழையுங்கள்.

கேள்வி: ஃபோர்க்கை மாட்டியபடியே ரோட்டில் அரை கிலோமீட்டர் போகவேண்டியிருக்கிறது. மேலும், மரத்தில் தேங்காய் பறிக்க பேலட்டில் ஆளை ஏற்றித் தூக்கலாமா?
– வர்த்தூர்

பதில்: ரோட்டுக்கு இறங்குமுன் ஃபோர்க் இரண்டையும் கழற்றி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தூக்கி, ஓரத்துத் தடுப்பின் பள்ளம் வழியே எடுக்க இரண்டு நிமிடம். வர்த்தூர் நெரிசலில் குறுக்கே வரும் பைக் ஓட்டுபவருக்கு மெல்லிய அந்த நுனி பக்கத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது.

ஆளை ஏற்றவே கூடாது, ஒரு நிமிடத்துக்கும். லோடர் சிலிண்டரில் ஹோஸ் வெடித்தால் பிடித்து நிறுத்தும் வால்வு சிறிய டிராக்டர்களில் பொதுவாக இருப்பதில்லை. பேலட்டும் ஃபோர்க்கோடு பூட்டியிருப்பதில்லை. தேங்காய்க்கு மரமேறும் கருவியோ, நீண்ட துரட்டியோ போதும்.